மேனேஜ்டா, அன்மேனேஜ்டா? ஸ்விட்ச் வாங்கும் முன் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நெட்வொர்க் ஸ்விட்ச், அதாவது கணினிகளைக் கேபிள் வழியாக ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி, பற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உள்ளே போய் அமைப்பை மாற்ற முடிகிற ஸ்விட்ச் மேனேஜ்டு, மாட்டினால் தானாக ஓடுவது, மாற்ற ஒன்றும் இல்லாதது அன்மேனேஜ்டு.

கேள்வி: வணக்கம் சார். எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு கணினிகள், இரண்டு பிரின்டர்கள், எல்லோரும் ஃபைல் போட்டு எடுக்கும் ஒரு நாஸ் பெட்டி, மூன்று வைஃபை ஆக்சஸ் பாயின்ட்கள் இருக்கின்றன. இருக்கிற இரண்டு 8 போர்ட் ஸ்விட்சுகளும் நிரம்பிவிட்டதால் 24 போர்ட் ஒன்று வாங்கப் போகிறோம். மேனேஜ்டு வாங்கினால் வேகம் கூடும் என்கிறார் ஒருவர். அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை.

முதலில் வேகம். மேனேஜ்டு என்பதால் மட்டும் ஒரு ஸ்விட்ச் வேகமாக ஓடாது. எந்த ஸ்விட்சானாலும் அடிப்படை வேலை ஒன்றுதான்: ஒரு போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) ஃபிரேம், அதாவது தகவல் பொட்டலம், வந்ததும், அனுப்பியவரின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பார்த்து ‘இவர் இந்தப் போர்ட்டில் இருக்கிறார்’ என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும், பிறகு யாருக்குப் போக வேண்டுமோ அவர் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் தள்ளிவிடும். அவர் எங்கே என்று தெரியாவிட்டால் எல்லாப் போர்ட்டிலும் விட்டுப் பார்க்கும். கொஞ்ச நேரம் (வழக்கமாக 300 விநாடி) ஒருவரிடமிருந்து சத்தமே இல்லை என்றால் அந்தக் குறிப்பை அழித்துவிடும். இதையெல்லாம் சாதாரண அன்மேனேஜ்டு ஸ்விட்சும் செய்கிறது, சிப்பிலேயே செய்கிறது, முழு வேகத்தில் செய்கிறது. 24 கிகாபிட் போர்ட் உள்ள பெட்டியின் விவரத் தாளில் 48 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 48 கிகாபிட்) ஸ்விட்சிங் திறன் என்று போட்டிருந்தால், எல்லாப் போர்ட்டும் ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் முழு வேகத்தில் ஓடலாம் என்று பொருள். இந்த எண்ணை அன்மேனேஜ்டு பெட்டிகளிலும் பார்க்கலாம்.

மேனேஜ்டு பெட்டியில் கூடுதலாகக் கிடைப்பது, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற வசதியும், யார் யாரோடு பேசலாம் என்று பிரித்து வைக்கிற வசதியும். எந்தப் போர்ட்டில் எவ்வளவு போகிறது, எதில் பிழை எண்ணிக்கை ஏறுகிறது, எந்த கேபிள் கிகாபிட்டில் இருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது, இதெல்லாம் ஒரு பக்கத்தில் தெரியும். அன்மேனேஜ்டில் உங்களுக்கு இருப்பது முன்னால் மினுக்கும் விளக்குகள் மட்டும்தான்.

அதனால் கணினிகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நாற்பது கணினி இருந்தும், எல்லாமே ஒரே குழுவினுடையது, வெளியாள் யாரும் இணைவதில்லை என்றால் அன்மேனேஜ்டு தாராளமாகப் போதும். ஐந்தே கணினி இருந்து, வருகிற போகிற எல்லோருக்கும் அதே வைஃபையைத் திறந்து விடுகிறீர்கள் என்றால் போதாது. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த மூன்று ஆக்சஸ் பாயின்ட்கள்தான். விருந்தினர் போனும் உங்கள் கணக்கு விவரங்கள் இருக்கும் நாஸும் ஒரே வலையில் இருக்கக் கூடாது. அதைப் பிரிக்க வி-லான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் முறை) வேண்டும், அதற்கு ஸ்விட்ச் ஒத்துழைக்க வேண்டும். எனவே உங்களுக்கு வெப்-ஸ்மார்ட் என்று விற்கிறார்களே, பிரவுசரில் திறந்து அமைக்கிற நடுத்தர வகை, அது போதும். கட்டளை வரி, ரவுட்டிங் எல்லாம் உள்ள முழு மேனேஜ்டு உங்களுக்குத் தேவைப்படாது. விருந்தினருக்கு வைஃபை கொடுப்பதே இல்லை, கொடுக்கப் போவதும் இல்லை என்றால் அன்மேனேஜ்டு வாங்கிவிட்டு மிச்சப் பணத்தில் நல்ல கேபிள் போடுங்கள்.

அப்புறம், உங்கள் நாஸில் இரண்டு நெட்வொர்க் போர்ட் இருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரே பாதையாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு மேனேஜ்டு வேண்டும் என்பது சரிதான், ஆனால் ஒரே கணினியில் இருந்து ஒரு பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் அது அந்த இரண்டில் ஒரு கம்பியில்தான் போகும். பலர் ஒரே நேரத்தில் எடுக்கும்போதுதான் பலன் தெரியும்.

கேள்வி: வீட்டு ரவுட்டரில் நான்கு போர்ட்தான் இருக்கிறது. டிவி, கேம் பெட்டி, இரண்டு கணினி, ஒரு பிரின்டர் இணைக்க வேண்டும். மேனேஜ்டு தேவையா?

பதில்: தேவையில்லை. 8 போர்ட் அன்மேனேஜ்டு, கிகாபிட், மின்விசிறி இல்லாதது. வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கிகாபிட்தானா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள், 100 மெகாபிட் ஸ்விட்சுகள் இன்னமும் விற்பனையில் இருக்கின்றன. பழைய கேபிளையும் சந்தேகப்படுங்கள். 100 மெகாபிட்டுக்கு கேபிளில் இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கூடுதலான அந்த இரண்டு ஜோடிகளில் ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம், நீங்கள் ஸ்விட்சைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் போன மாதம் மொத்த நெட்வொர்க்கும் திடீரென்று நின்றுவிட்டது. ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தோம், இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால் கணினி அறையில் யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகியிருக்கிறார்கள்! ஒரு கேபிள் எப்படி மூன்று மாடியையும் நிறுத்தும்? இனி நடக்காமல் இருக்க என்ன வழி?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம் என்று தோன்றியது.

என்ன நடந்தது என்றால், நெட்வொர்க்கில் எந்தக் கணினியும் அடிக்கடி ‘இந்த முகவரி யாருடையது, இருக்கிறீர்களா’ என்று எல்லோருக்கும் சேர்த்துக் கூப்பிடும். அதற்குப் பெயர் பிராட்காஸ்ட். அப்படி ஒன்று வந்தால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்புவது ஸ்விட்சின் கடமை. இப்போது 3-வது போர்ட்டையும் 7-வது போர்ட்டையும் ஒரு கேபிள் இணைக்கிறது. 3-ல் வெளியே போன ஃபிரேம் 7-ல் உள்ளே வருகிறது, புதிதாக வந்ததாக நினைத்து ஸ்விட்ச் மறுபடி எல்லாவற்றிலும் அனுப்புகிறது, 7-ல் போனது 3-ல் வருகிறது. ஐபி பாக்கெட்டில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைகிற ஓர் எண் உண்டு, அது பூஜ்யமானால் பாக்கெட் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஓர் ஆயுள் எண் கிடையாது. கம்பியைப் பிடுங்கும் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றும் ஒவ்வொரு முறையும் மற்ற எல்லாப் போர்ட்டிலும் ஒரு நகல் கொட்டும், அந்த நகல் மாடியில் இருக்கும் ஸ்விட்சுக்கும், அங்கிருந்து ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் போகும். கொஞ்ச நேரத்துக்குள் எல்லாக் கம்பிகளும் குப்பையால் நிரம்பிவிடும். மேக் அட்டவணையும் கலங்கிவிடும், ஏனென்றால் ஒரே கணினி 3-லும் 7-லும் மாறி மாறி இருப்பதாக ஸ்விட்சுக்குத் தெரிகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே பிரச்சினையில் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் மேசைக்கு அடியில் துப்புரவு செய்தவர் கீழே கிடந்த கேபிள் முனையை நல்லெண்ணத்தோடு சுவர் சாக்கெட்டில் செருகிவிட்டார், அதன் மறுமுனை ஏற்கனவே பக்கத்து சாக்கெட்டில் இருந்தது. நான் சர்வரைச் சந்தேகப்பட்டேன், வைரஸைச் சந்தேகப்பட்டேன். எல்லா ஸ்விட்சிலும் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில், இடைவெளியே தெரியாத அளவுக்கு மினுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தும் அதன் பொருள் அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அங்கே இருந்தவை எல்லாம் அன்மேனேஜ்டு. எந்த ஸ்விட்சிடமும் ‘எந்தப் போர்ட்டில் கொட்டுகிறது’ என்று கேட்க வழி இல்லை, ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்த்துத்தான் மாலையில் கண்டுபிடித்தேன். அடுத்த முறை இப்படி ஆனால் உங்கள் அடையாளம் அந்த விளக்குகள்தான்.

இதற்கான மருந்து மிகவும் பழையது. டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) என்ற கணினி நிறுவனத்தில் பணிபுரிந்த ரேடியா பெர்ல்மன் 1985-ல் ஸ்பானிங் ட்ரீ என்ற வழிமுறையை உருவாக்கினார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் சிறு செய்திகள் அனுப்பிக்கொண்டு, ஒன்றைத் தலைமையாக வைத்து, சுற்றுப் பாதை எங்கே உண்டாகிறது என்று கண்டுபிடித்து, தேவையில்லாத போர்ட்டை அடைத்துவிடும். நடுவில் ஒரு கேபிள் அறுந்தால் அடைத்த போர்ட்டைத் தானாகத் திறக்கும். 1990-ல் இது 802.1டி தரத்தில் சேர்ந்தது, 2001-ல் வேகமான வடிவம் 802.1டபிள்யூ வந்தது. மேனேஜ்டு ஸ்விட்சில் இது இருக்கும், நீங்கள் ஆன் செய்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய வடிவத்தை விட்டுவிட்டு வேகமான வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பழையதில் ஒரு போர்ட் உயிர் பெற 30 விநாடி ஆகும், அதற்குள் கணினி முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும், ‘காலையில் ஆன் செய்தால் நெட் வருவதில்லை’ என்று ஆசிரியர்கள் புகார் சொல்வார்கள். கணினிகள் செருகும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்தும் வையுங்கள், இந்தக் காத்திருப்பு போய்விடும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. விலை குறைந்த சில வெப்-ஸ்மார்ட் மாடல்களில் ஸ்பானிங் ட்ரீ இருக்காது, லூப் (சுற்றுப் பாதை) தடுப்பு என்று எளிமையான ஒன்று மட்டும் இருக்கும். அன்மேனேஜ்டிலும் சிலவற்றில் லூப் கண்டுபிடிப்பு உண்டு. ஒரே அறைக்கு அது போதும். மூன்று மாடிப் பள்ளிக்கு, மாடிக்கு மாடி இணைக்கிற ஸ்விட்சுகளாவது முழு ஸ்பானிங் ட்ரீ உள்ளதாக இருக்கட்டும். மாணவர்கள் கை படுகிற இடத்தில் இருக்கும் ஸ்விட்சுகளுக்கும் பணம் இருந்தால் அதையே செய்யுங்கள். பள்ளி, கல்லூரி, விடுதி போன்ற இடங்களில் மேனேஜ்டு வேண்டும் என்று நான் தயங்காமல் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணமும் உண்டு. யாராவது வீட்டில் இருந்து ஒரு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து சுவர் சாக்கெட்டில் செருகினால், அது ‘நான்தான் முகவரி தருபவன்’ என்று உங்கள் கணினிகளுக்குத் தப்பான ஐபி முகவரிகளைக் கொடுக்க ஆரம்பிக்கும். பாதிப் பேருக்கு நெட் வரும், பாதிப் பேருக்கு வராது, தலை சுற்றிவிடும். இப்படி முகவரி தரும் செய்திகளைக் கண்காணிக்கிற டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதி உள்ள ஸ்விட்சில், உண்மையான ரவுட்டர் இருக்கும் போர்ட்டை மட்டும் நம்பகமானது என்று குறித்துவிட்டால் மற்ற இடங்களில் இருந்து வரும் அந்தப் பதில்களை அது தூக்கி எறிந்துவிடும்.

கேள்வி: உங்கள் பழைய பதிலைப் படித்துவிட்டு மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கி, அலுவலகத்துக்கு ஒரு வி-லான், விருந்தினருக்கு ஒரு வி-லான் போட்டேன். இப்போது விருந்தினர் பக்கம் இன்டர்நெட்டே வரவில்லை. ஸ்விட்ச் பழுதா?

பதில்: ஸ்விட்ச் சொன்னபடி கேட்கிறது. இரண்டு வி-லான் போட்டீர்கள் என்றால் ஒரு பெட்டியை இரண்டு தனி ஸ்விட்சுகளாக வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ரவுட்டர் ஒரு பாதியில் மட்டும் இருக்கிறது, மறுபாதிக்கு வெளியே போக வாசல் இல்லை, முகவரி கொடுக்கவும் ஆள் இல்லை. ரவுட்டருக்கும் வி-லான் தெரிந்திருக்க வேண்டும். ஸ்விட்சில் இருந்து ரவுட்டருக்குப் போகும் கம்பியை ட்ரங்க் (பல வி-லான்களையும் சேர்த்துச் சுமக்கும் இணைப்பு) ஆக்கி, இரண்டு வி-லானையும் டேக், அதாவது எந்த வி-லான் என்று சொல்லும் அடையாளம், போட்டு அனுப்ப வேண்டும், ரவுட்டரில் இரண்டுக்கும் தனித்தனி முகவரி வரிசை அமைக்க வேண்டும். இணைய நிறுவனம் கொடுக்கும் பல ரவுட்டர்களில் உள்பக்கத்துக்கு இந்த வசதி இருக்காது. வி-லானுக்காக ஸ்விட்ச் வாங்குபவர்கள் முதலில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

டேக் என்பது ஃபிரேமுக்குள் செருகும் 4 பைட். 802.1க்யூ என்ற 1998-ஆம் ஆண்டுத் தரம் சொல்வது. அதில் 12 பிட் வி-லான் எண்ணுக்கு, அதனால்தான் 4094 வரை எண் கொடுக்க முடிகிறது. ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் போகும் கம்பியும் ட்ரங்க்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எந்த வைஃபை பெயரை எந்த வி-லானில் விடும்? கணினி செருகும் போர்ட்டில் டேக் வேண்டாம். ‘டேக்டு’, ‘அன்டேக்டு’, ‘பிவிஐடி’ என்ற மூன்றையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்: போர்ட்டை விட்டு வெளியே போகும்போது டேக் இருக்குமா என்பதை முதல் இரண்டும் சொல்கின்றன, டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த வி-லானில் சேர்ப்பது என்பதை பிவிஐடி சொல்கிறது. இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும்.

எதையும் மாற்றும் முன், ஒரு போர்ட்டை மட்டும் ஸ்விட்சின் அமைப்புப் பக்கம் திறக்கும் வி-லானிலேயே விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் உங்களை நீங்களே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டு, ரீசெட் துளையில் குண்டூசி விட்டு முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் கிடங்கில் 16 கேமரா போடப் போகிறோம். கிடங்கு அலுவலகத்தில் இருந்து தூரத்தில் இருக்கிறது, இரவில் ஆள் இல்லை. பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுப்பது) உள்ள அன்மேனேஜ்டு ஸ்விட்ச் போதுமா?

பதில்: தூரத்தில் இருக்கிறது, ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே மேனேஜ்டு வாங்குங்கள். கேமரா சில நேரம் உறைந்துபோகும், மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தால்தான் எழும். பிஓஇ மேனேஜ்டு ஸ்விட்சில் அந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தை மட்டும் உட்கார்ந்த இடத்தில் இருந்தே நிறுத்திக் கொடுக்கலாம். அன்மேனேஜ்டில் ஒருவர் இருட்டில் அங்கே போக வேண்டும்.

மின்கணக்கையும் போட்டுவிடுங்கள். 802.3ஏஎஃப் தரத்தில் போர்ட்டுக்கு 15.4 வாட் வரை, 802.3ஏடி என்றால் 30 வாட், 2018-ல் வந்த 802.3பிடி-யில் 90 வாட் வரைகூட உண்டு. ஆனால் எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே நேரத்தில் அவ்வளவு கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள், பெட்டிக்கு மொத்தமாக ஒரு வரம்பு உண்டு. உங்கள் ஸ்விட்சின் மொத்த வரம்பு 120 வாட் என்று வைத்துக்கொள்வோம். பகலில் ஒரு கேமரா 6 வாட் எடுத்தால் 16-க்கு 96, பிரச்சினை இல்லை. இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது 10 வாட் ஆனால் 160. பகலில் நன்றாக ஓடிய கேமராக்களில் சில இருட்டியதும் விழும், எதனால் என்று யாருக்கும் புரியாது. விவரத் தாளில் இருக்கும் அதிகபட்ச வாட்டைக் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம் விட்டு வாங்குங்கள்.

வெளிச்சுவரில் இருக்கும் கேமராவின் கேபிள் உங்கள் நெட்வொர்க்குக்குள் வரும் திறந்த கதவு என்பதையும் நினைவில் வையுங்கள். கேமராவைக் கழற்றிவிட்டு யாரும் ஒரு லேப்டாப்பைச் செருகலாம். கேமராக்களைத் தனி வி-லானில் வைத்து, பதிவுப் பெட்டியைத் தவிர வேறு எங்கும் போக முடியாதபடி ரவுட்டரில் தடுத்துவிடுங்கள்.

கேள்வி: முன்பு இருந்தவர் வாங்கி வைத்த மேனேஜ்டு ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. பாஸ்வேர்டுகூட யாருக்கும் தெரியாது. நன்றாகத்தானே ஓடுகிறது, அப்படியே விடலாமா?

பதில்: விட வேண்டாம். அன்மேனேஜ்டு ஸ்விட்சுக்குள் யாரும் நுழைந்து அமைப்பை மாற்ற முடியாது, நுழைய வாசலே இல்லை. உங்களுடையதில் வாசல் இருக்கிறது, பூட்டு தொழிற்சாலையில் போட்டதாகவே இருக்கலாம், அந்தப் பாஸ்வேர்டு கையேட்டில் அச்சாகி யாருக்கும் கிடைக்கும். உள்ளே வந்தவர் ஒரு போர்ட்டின் போக்குவரத்தை முழுவதும் இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுக்கச் சொல்லலாம், அதற்கான வசதி பழுது பார்ப்பதற்காக அதிலேயே இருக்கிறது.

ஒரு விடுமுறை நாளில் உட்காருங்கள். எந்த கேபிள் எந்தப் போர்ட்டில் என்று காகிதத்தில் எழுதி, படமும் எடுத்து வைத்துவிட்டு, ரீசெட் செய்யுங்கள். ரீசெட் செய்தால் பழைய வி-லான் அமைப்பு போய்விடும், அதனால் ஆட்கள் இல்லாத நாள் முக்கியம். புதிய பாஸ்வேர்டு, புதிய ஃபர்ம்வேர் (ஸ்விட்சுக்குள் ஓடும் மென்பொருள்), மறைகுறி இல்லாமல் தூரத்தில் இருந்து உள்ளே நுழைய விடும் டெல்நெட் ஆஃப், ஸ்விட்சைத் தூரத்தில் இருந்து கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பி பயன்படுத்தவில்லை என்றால் அதுவும் ஆஃப். பயன்படுத்தினால் ‘பப்ளிக்’ என்றே இருக்கும் அதன் ரகசியச் சொல்லையாவது மாற்றுங்கள். அமைப்பை ஃபைலாகச் சேமித்து ஸ்விட்சுக்கு வெளியே ஓர் இடத்தில் வையுங்கள்.

இதையெல்லாம் இனி வருடத்துக்குச் சில முறையாவது பார்க்க உங்கள் இடத்தில் ஆள் இருக்கிறாரா? இல்லை, வரப்போவதும் இல்லை, வி-லானும் தேவையில்லை என்றால், அதைக் கழற்றி வைத்துவிட்டு அன்மேனேஜ்டு ஒன்றை மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: நடுவில் மேனேஜ்டு, மேசைகளில் பழைய 5 போர்ட் அன்மேனேஜ்டு. இரண்டையும் கலக்கலாமா?

பதில்: கலக்கலாம். அந்தச் சின்ன ஸ்விட்சில் செருகும் எல்லோரும் ஒரே வி-லானில்தான் இருப்பார்கள், அதனால் மேனேஜ்டு பக்கம் அந்தப் போர்ட்டை அன்டேக்டாக வையுங்கள். ட்ரங்க் கம்பிக்கு நடுவில் மட்டும் அதை வைக்காதீர்கள்: சில மாடல்கள் டேக்கை அப்படியே கடத்தும், சில கடத்தாது, கடத்துபவையும் எல்லா வி-லானையும் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். எந்த மேசையில் எந்தச் சின்னப் பெட்டி ஒளிந்திருக்கிறது என்று ஒரு பட்டியலை மேனேஜ்டு ஸ்விட்சின் மேலேயே ஒட்டி வையுங்கள், பழுது வரும் நாளில் முதலில் தேடப் போவது அதைத்தான்.